ரோட்டு ருசி கண்ட வண்டி

பெட்ரோலின் வாசனை முதலில் இனிப்பாகத்தான் இருக்கும். மூக்கு நுனியில் குளிர்ச்சியாகப் பட்டு, தொண்டைக்குள் இறங்கி, நாக்கின் அடியில் ஒரு கசப்பை விட்டுவிட்டு, கொஞ்ச நேரத்தில் காணாமல் போய்விடும். உண்மையில் வாசனை எங்கும் போவதில்லை, நம் மூக்குதான் மரத்துப்போகிறது என்பது எனக்கு வெகுகாலம் கழித்துத்தான் தெரிந்தது. என் ஒன்பது வயதுவரை, திருவிழாக்கள் நடக்கும் மாதங்களில், எங்கள் வீடு ஒரு வேன். அந்த வேனுக்குள் எங்களோடு மூன்று மோட்டார் சைக்கிள்களும் குடியிருந்தன.

அப்பா "மரணக் கிணறு" ஓட்டியவர். பொருட்காட்சித் திடல்களில் பலகைகளைச் செங்குத்தாக நிறுத்தி வட்டமாகக் கட்டி, சனங்கள் மேலே விளிம்பில் நின்று குனிந்து பார்க்க, உள்சுவரில் படுக்கைவாட்டில் வண்டி ஓட்டுவார்களே, அதுதான். எங்கள் ஊரான நெடுங்காட்டில் எங்கள் குடும்பத்தில் அதுவரை எல்லாரும் அடுத்தவர் வயலில் நாற்று நட்டவர்கள், அறுத்தவர்கள். வாய்க்காலில் தண்ணீர் வராத ஒரு வருடம், காரைக்காலில் மாங்கனித் திருவிழாவுக்கு வந்த கிணற்றில் பலகை அடிக்கும் வேலைக்குப் போன அப்பா, அடுத்த வருடம் அந்தப் பலகையின் மேலேயே ஓடிக்கொண்டிருந்தார். அவரோடு ஓட்டியவர் செல்வம் சித்தப்பா. அவர் அப்பாவின் கூடப் பிறந்தவர் இல்லை, நெரவி ஊர்க்காரர். ஆனால் அம்மாவை "அண்ணி" என்று கூப்பிட்டு, அம்மா வைத்த குழம்பில் குறை சொல்கிற உரிமை அவர் ஒருவருக்குத்தான் இருந்தது.

கிணற்றின் பலகைகளும் இரும்புச் சட்டங்களும் முதலாளியின் லாரியில் முன்னால் போய்விடும். மூன்றாவது வண்டியை ஓட்டுகிற ஆளும் அதிலேயே போய்விடுவார். வண்டிகளும் நாங்களும் செல்வம் சித்தப்பாவும் வேனில் பின்தொடர்வோம். மூன்று வண்டிகளையும் வரிசையாக நிறுத்திக் கயிற்றால் இறுக்கி, அவற்றின் மேல் குறுக்கே இரண்டு பலகைகளைப் போட்டால் அதுதான் எங்கள் கட்டில். பின்வாசல் ஓரம் அம்மாவின் அடுப்பும் பாத்திரங்களும். கதவுக்குப் பதில் ஒரு தார்ப்பாய். என் தம்பிக்கு அப்போது நான்கு வயது. அவனுக்குப் பலகை பிடிக்காது. தரையில், இரண்டு சக்கரங்களுக்கு நடுவே பாய் விரித்தால்தான் தூங்குவான். "அங்கதாங்க்கா சில்லுனு இருக்கு" என்பான்.

கிணற்று வண்டிக்கு பிரேக் கிடையாது, சைலன்சர் கிடையாது, விளக்கும் கிடையாது. சுவரில் ஓட இவை எதுவும் தேவையில்லை, சத்தம்தான் தேவை. இன்னொரு சட்டமும் இருந்தது. கிணற்றில் ஓடும் வண்டியின் சக்கரம் தார்ச்சாலையில் உருளக் கூடாது. ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்கு ஓட்டிக்கொண்டே போய்விடலாமே என்று நான் கேட்டதற்கு அப்பா என் வாயைப் பொத்தாத குறை. "ரோட்டு ருசி கண்ட வண்டி செவுத்துல நிக்காது பாப்பா. அதுக்கு நேரா போகணும்னு ஆச வந்துரும்." வேனிலிருந்து இறக்கும்போதுகூடப் பலகைச் சரிவு வைத்து, மண் தரையில் இறக்கி, கிணற்றின் வாசல்வரை கையால் தள்ளிக்கொண்டுதான் போவார்கள். தொழிலில் இருந்த அத்தனை பேரும் இதை நம்பினார்கள். அம்மா மட்டும், அப்பா ஓட்டும்போது ஒருநாளும் கிணற்றை எட்டிப் பார்க்காத அம்மா மட்டும், இதைப் பற்றி ஒன்றும் சொன்னதில்லை.

அந்த வருடம் காரைக்காலில் திருவிழா முடிந்து அடுத்த ஊருக்குக் கிளம்பினோம். எங்கள் பக்கத்துக்காரர்கள் யாரும் காரைக்காலை விட்டு வெளியே போகும்போது டேங்கைக் காலியாக வைத்துக்கொண்டு போகமாட்டார்கள். எல்லையைத் தாண்டித் தமிழ்நாட்டுக்குள் போனால் பெட்ரோல் விலை ஏறிவிடும். அதனால் வாஞ்சூர் போகும் சாலையில் கடைசி பெட்ரோல் பங்கில் எப்போதும் கூட்டம். அப்பா வேனின் டேங்கை நிரப்பினார், மூன்று வண்டிகளின் டேங்குகளையும் வாய்வரை நிரப்பினார், அதற்குமேல் சமையலெண்ணெய் வந்த பழைய பிளாஸ்டிக் கேன்களிலும் நிரப்பி அம்மாவின் அடுப்புக்குப் பக்கத்திலேயே வைத்தார். "அடுத்த ஊரு முடியுற வரைக்கும் கவலையில்ல" என்று கையைத் துடைத்துக்கொண்டார். "ஏங்க, புள்ளைவொ படுக்குற எடத்துல..." என்று ஆரம்பித்த அம்மாவிடம் செல்வம் சித்தப்பா, "அண்ணி, நீங்க வைக்கிற ரசத்தவிட இதுக்குக் காரம் கம்மிதான்" என்றார். அம்மாவும் சிரித்துவிட்டாள்.

எல்லையில் செக்போஸ்ட். காரைக்காலிலிருந்து வெளியேறும் வண்டிகளில் மது பாட்டில் இருக்கிறதா என்று உள்ளே ஏறிப் பார்ப்பார்கள். எங்களிடம் பாட்டில் இல்லை, ஆனால் கேன்கள் இருந்தன. சாப்பாட்டு நேரத்தில் கெடுபிடி இருக்காது என்று சொல்லி, அப்பா வேனைச் சாலையிலிருந்து திருப்பி, கருவேலங்காட்டுக்குள் போகும் ஒரு கிளைச்சாலையில் நிறுத்தினார். வீடு கிடையாது, கடை கிடையாது, தூரத்தில் உப்பு பூத்த வெள்ளைத் தரை. கடல் கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் இரைச்சல் கேட்டது. உச்சி வெயில். தம்பி தூங்கிவிட்டிருந்தான். "தூங்குற புள்ளய எழுப்பாத" என்று அம்மா என்னை மட்டும் இறக்கிக்கொண்டாள். யாராவது அந்த வழியாக வந்தால் கேன்கள் கண்ணில் படக் கூடாது என்று அப்பா தார்ப்பாயை முழுவதும் இறக்கிக் கட்டினார். நாங்கள் நால்வரும் கொஞ்சம் தள்ளி, கருவேல மரத்தின் ஓட்டை நிழலில் உட்கார்ந்தோம்.

அந்த நேரத்தை இப்போது நினைத்தாலும் என் உள்ளங்கால் கூசுகிறது. ஒன்றுமே நடக்கவில்லை. காக்கைகூடக் கத்தவில்லை. வெயிலில் வேனின் தகரம் அவ்வப்போது "டொக்" என்று ஒரு சத்தம் போட்டது, அவ்வளவுதான். நான் அந்தச் சத்தத்தை எண்ணி விளையாடிக்கொண்டிருந்தேன்.

தயிர்சாதத்தைத் தட்டில் போட்டு எடுத்துக்கொண்டு தம்பியை எழுப்பப் போனவள் அம்மா. தார்ப்பாயைத் தூக்கியதும் உள்ளேயிருந்து வந்த காற்று அவளை ஓரடி பின்னால் தள்ளியதைப் பார்த்தேன். தட்டு கீழே விழுந்தது. சூட்டில் பெட்ரோல் பொங்கி, கேன்களின் மூடி வழியாகவும் டேங்குகளின் மூடி வழியாகவும் வழிந்து, தரை முழுக்க நனைந்திருந்தது. தம்பியின் பாய் நனைந்திருந்தது. அம்மா அவனைத் தூக்கியபோது அவன் கை, கால், கழுத்து எல்லாம் ஈரத்துணி மாதிரித் தொங்கின. கண் பாதி திறந்திருந்தது, ஆனால் பார்க்கவில்லை. மூச்சு இருந்தது. இருந்தது என்று அம்மா சொன்னாள், எனக்குத் தெரியவில்லை.

செல்வம் சித்தப்பா வாயில் வைத்திருந்த பீடியை அப்படியே மண்ணுக்குள் குத்தினார். அப்பா முன்பக்கம் ஓடினார். "அண்ணே, சாவியத் தொடாத!" என்று சித்தப்பா கத்திய கத்தலில் அப்பா கதவைப் பிடித்தபடி நின்றுவிட்டார். வேனின் பின்விளக்குக்குப் போகும் வயர் தோல் உரிந்து, நனைந்த தரையைத் தொட்டுக்கொண்டு கிடந்தது. வேனைக் கிளப்பினால் என்ன ஆகும் என்று இருவருக்கும் தெரியும். மெயின் ரோட்டுக்கு ஓடிப்போய் ஒரு வண்டியை மறிப்பதற்குள் என்ன ஆகும் என்பது அம்மாவுக்குத் தெரியும்.

"வண்டிய எறக்குங்க" என்றாள் அம்மா.

அப்பா அவளைப் பார்த்தார். "கிணத்து வண்டிடி அது."

"செவுத்துல ஓடுறது ரோட்டுல ஓடாதா? எம்புள்ள போயிட்டிருக்கான், எறக்குங்கங்கிறேன்!"

அப்பா அசையவில்லை. யோசித்தாரா, பயந்தாரா, என்னால் இன்றும் சொல்ல முடியாது. அம்மா தம்பியை என் மடியில் போட்டுவிட்டு வேனுக்குள் ஏறி, கட்டில் பலகையை உருவிச் சரிவு வைத்து, கயிற்றை அறுத்து, அந்த இரும்பு எருமையை ஒற்றை ஆளாகக் கீழே தள்ளினாள். அது தார் மேல் வந்து நின்றது. அதற்குப் பிறகுதான் அப்பாவுக்கு உயிர் வந்தது. வேனைவிட்டு நன்றாகத் தள்ளிக்கொண்டுபோய் உதைத்தார். தம்பியை டேங்கின் மேல் சாய்த்து, அம்மா பின்னால் உட்கார்ந்து இருவரையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ள, பிரேக் இல்லாத அந்த வண்டி அலறிக்கொண்டு காரைக்காலைப் பார்த்துப் போனது. திருப்பத்தில் ஒரு பெரிய பள்ளத்தில் இறங்கி ஏறியதில் மூவரும் துள்ளினார்கள். சத்தம் வெகுநேரம் கேட்டது. அது கேட்கும்வரை தம்பி உயிரோடிருக்கிறான் என்று நான் நினைத்துக்கொண்டேன். பிறகு அதுவும் நின்றது.

தம்பி பிழைத்துக்கொண்டான். பெரியாஸ்பத்திரியில் மூக்கில் குழாய் வைத்து, மறுநாள் காலை கண் விழித்து, பன் கேட்டான். ஆஸ்பத்திரி வாசலில் அப்பா இரண்டு கால்களையும் தரையில் தேய்த்துத்தான் வண்டியை நிறுத்தியிருக்கிறார். அவருடைய குதிகால்கள் ஆற வெகுநாளானது.

அடுத்த ஊரில் கிணறு கட்டியிருந்தார்கள். சனம் வந்துவிட்டது. ஆட்டத்துக்கு முன் மூன்று வண்டிகளின் டயர்களையும் உள்ளங்கையால் ஒரு சுற்று தடவிப் பார்ப்பது அப்பாவின் வேலை, அந்தக் கைக்குத் தெரியாமல் ஒரு முள்ளும் தப்பாது. அன்றைக்கு அவர் இரண்டு வண்டிகளைத்தான் தடவினார். மூன்றாவதன் பக்கமே போகவில்லை. "அது ரோட்டு ருசி கண்டுருச்சு. நான் தொட மாட்டேன்" என்று முதலாளியிடம் சொல்லிவிட்டார். முதலாளி சத்தம் போட்டார். மூன்று வண்டி என்று மைக்கில் சொல்லியாகிவிட்டது. செல்வம் சித்தப்பா சிரித்துக்கொண்டே அந்த வண்டியின் மேல் காலைப் போட்டார். "ரோட்டு ருசி எனக்குந்தாண்ணே தெரியும். நாங்க ரெண்டு பேரும் ஒத்துப்போவோம்."

மேலே ஏறி இரண்டாவது சுற்றோ மூன்றாவது சுற்றோ, முன்சக்கரம் சுவரைவிட்டு விலகியது. நான் வேனில் அம்மாவோடு இருந்தேன். சத்தம் அறுந்ததும் அம்மா என் தலையைத் தன் வயிற்றோடு அழுத்திக்கொண்டாள். யார் என்று தெரியாத அந்தச் சில நொடிகளில் அவள் அப்பாவின் பெயரைச் சொல்லி அழவில்லை. "நான்தானே எறக்குனேன், நான்தானே எறக்குனேன்" என்றாள்.

சித்தப்பாவின் வலது கால் முழங்காலுக்குக் கீழே எடுக்கப்பட்டது. அப்பா அத்தோடு கிணற்றைவிட்டு வந்துவிட்டார். நெடுங்காட்டுக்குத் திரும்பினோம். அதுவரை ஊருக்கு ஊர் விட்டுவிட்டுப் படித்த நான், அதன்பின் ஒருநாளும் விடாமல் பள்ளிக்குப் போனேன். எங்கள் குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான், கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆளும் நான். இயற்பியல் படித்தேன், இப்போது அதைத்தான் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். இதைச் சொல்வதில் எனக்குக் கூச்சம் கிடையாது. இந்தப் படிப்பு எதன் விலையில் வந்தது என்று எனக்குத் தெரியும்.

சித்தப்பா வருடம் தவறாமல் பொங்கலுக்கு ஊன்றுகோலோடு வருவார். அம்மா அவருக்குத்தான் முதல் இலை போடுவாள். யாரும் எதையும் பேசமாட்டார்கள். "வண்டி ருசி கண்டுருச்சு, என்னா பண்றது" என்பதோடு எல்லாருடைய கணக்கும் முடிந்துவிடும். போன பொங்கலுக்குத் தம்பிதான், இருபதைத் தொடப்போகிறவன், "கால் எப்புடி சித்தப்பா போச்சு?" என்று கேட்டுவிட்டான். அவர் வழக்கம்போல ருசிக் கதையைச் சொன்னார். எனக்குப் பொறுக்கவில்லை. ஒரு தாளை எடுத்துப் படம் போட்டேன். பள்ளத்தில் மூவர் பாரத்தோடு இறங்கியதில் டயரின் பக்கவாட்டு கிழிந்திருக்கும், சக்கரத்தின் விளிம்பு நெளிந்திருக்கும், சுவரில் சுற்றும்போது பாரம் முழுக்க அந்த இடத்தில்தான் விழும், அதனால்தான் விலகியது, ருசியும் இல்லை ஒன்றும் இல்லை என்று விளக்கினேன். நன்றாகத்தான் விளக்கினேன். சித்தப்பா பள்ளிக்கூடப் பையன் மாதிரிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"அப்ப, ஏர்றதுக்கு முன்னாடி அந்த டயர யாராச்சும் தடவிப் பாத்திருந்தா தெரிஞ்சிருக்குமா பாப்பா?"

"தெரிஞ்சிருக்கும் சித்தப்பா."

அவர் அப்பாவைப் பார்க்கவில்லை. இலையை மூடினார். "எறக்குனது நான்தான். நாளைக்கும் எறக்குவேன்" என்று அம்மா யாரிடம் என்றில்லாமல் சொன்னாள்.

இப்போது திருவிழாத் திடலில் மரணக் கிணறு வருவதில்லை, அந்த இடத்தில் விளக்கு வைத்த ராட்டினங்கள் நிற்கின்றன. வேனைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டதாகக் கேள்வி. இந்தப் பொங்கலுக்குச் சித்தப்பாவும் வரவில்லை. போன் மணி அடிக்கிறது, எடுக்க ஆளில்லை. நான் சொன்னது உண்மைதான். யார் கேட்டாலும் அதே படத்தைத்தான் போடுவேன். மாட்டுப் பொங்கலன்று அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு வந்து, "நெரவி வரைக்கும் கொண்டுபோயி விடுறியாம்மா" என்றார். ஸ்கூட்டரில் கூட்டிப்போனேன். சித்தப்பாவின் தெருமுனையில் நிறுத்தச் சொன்னார். நிறுத்தினேன். வாசலில் அவர் நாற்காலியில் உட்கார்ந்திருப்பது அங்கிருந்தே தெரிந்தது. எங்களைப் பார்த்தார் என்றுதான் நினைக்கிறேன். கையசைக்கவில்லை. அப்பா இறங்கவும் இல்லை.

"திருப்பும்மா" என்றார்.