ஜன்னல் அக்காவின் வார்டு

எந்த அறைக்குள் நுழைந்தாலும் அக்காவின் கை முதலில் ஜன்னலுக்குத்தான் போகும். வணக்கம், நலமா எல்லாம் அப்புறம். அதனால் எங்கள் ஆராய்ச்சிக் கூடத்தில் அவருக்கு ஜன்னல் அக்கா என்றே பெயர். கம்ப்யூட்டர்களைப் பராமரிக்கிற எனக்கும் அவருக்கும் தினமும் தகராறு. தூசி வந்தால் மெஷின் கெட்டுப்போகும் என்று நான் மூடுவேன். மூச்சு முட்டினால் மனுஷன் கெட்டுப்போவான் என்று அவர் திறப்பார். ஏசி இல்லாமல் கண் மூடாத ஜென்மம் நான். அக்காவுடையது வறட்டுப் பிடிவாதம் என்றுதான் வெகுநாள் நினைத்திருந்தேன்.

அவர் கட்டிட வடிவமைப்பாளர். மூன்று நாட்டுப் பல்கலைக்கழகங்கள் சேர்ந்து நடத்திய ஆராய்ச்சியில் எங்கள் பக்கத்துப் பொறுப்பு அவருடையது. செங்கல் வாங்குவதற்கு முன்பே ஒரு கட்டிடத்தைக் கம்ப்யூட்டருக்குள் கட்டி, வருடம் முழுக்க வெயில் அதை என்ன பாடு படுத்தும் என்று கணக்குப் போட்டுப் பார்ப்பதுதான் வேலை. கணக்குப் போடும் புரோகிராம் குளிர் நாட்டுக்காரர்களுடையது. காற்றோட்டம் பார்ப்பவர்கள் தீவு நாட்டுக்காரர்கள். கட்டிடம் எங்களுடையது: அரசு மருத்துவமனைக்கு ஒரு பிரசவ வார்டு. தடித்த சுவர், கூரைக்கு மேல் ஒரு நிழல்கூரை, எதிரெதிர் ஜன்னல்கள். ராத்திரிக் காற்றில் சுவர் குளிர்ந்துவிட்டால் பகலில் ஏசியே வேண்டாம் என்பது அக்காவின் கட்சி.

பிடிவாதத்துக்குக் காரணம் அவருடைய தங்கை. அக்காளும் தங்கையும் வளர்ந்தது ஒற்றை ஜன்னல் வாடகை வீட்டில். ஜன்னலோரம் யார் படுப்பது என்று சண்டை போட்டே பெரியவர்களானவர்கள். தங்கை அப்போது அதே மருத்துவமனையின் பழைய பிரசவ வார்டில் நர்ஸ். அங்கே தகரக் கூரை. கரண்ட் போன மறுநிமிடம் அக்காவுக்கு போன் வரும். தங்கை ஒரு வார்த்தை பேசமாட்டார்; போனை வார்டுப் பக்கம் நீட்டிப் பிடிப்பார். வெக்கையில் அத்தனை குழந்தைகளும் வீறிட்டு அழுவது என் மேஜை வரைக்கும் கேட்கும். அப்புறம்தான், “கேட்டியாக்கா? சீக்கிரம் கட்டித் தொலை,” என்பார்.

ஆனால் கணக்கு காலை வாரிவிட்டது. குளுகுளுவென்று இருக்கவேண்டிய வார்டு திரையில் செக்கச்செவேலென்று எரிந்தது. அக்கா சுவரைத் தடிமனாக்கினார், நிழல்கூரையை நீட்டினார், ஜன்னலை உயர்த்தினார். சிவப்பு அசைந்துகொடுக்கவில்லை. மருத்துவமனைத் தலைமை டாக்டர் நல்ல மனிதர், அவசரக்காரர். “இந்த வாரக் கூட்டத்துல கணக்கு சரியா வரலன்னா, நாலு பக்கமும் கண்ணாடி போட்டு ஏசி வச்சிடுவோம்மா. இதுக்கு மேல என்னால தள்ளிப்போட முடியாது,” என்று சொல்லிவிட்டார். கரண்ட் போனால் அந்தக் கண்ணாடிப் பெட்டிக்குள் குழந்தைகள் என்ன ஆவது என்று கேட்டு அக்கா வாதாடியிருக்கலாம். கையில் ஆதாரம் இல்லையே.

கூட்டத்துக்கு முதல் நாள், குளிர் நாட்டுத் தாடிக்காரப் பேராசிரியரோடு வீடியோவில் பேச்சு. அவர் பேசியதை நம் பேச்சாக்கிச் சொல்கிறேன். அவருக்குப் பின்னால் ஒரு பெரிய ஜன்னல் இறுக்கி மூடியிருந்தது. அக்காவுக்குப் பொறுக்குமா?

“சார், முதல்ல அந்த ஜன்னலைக் கொஞ்சம் தொறங்களேன். பாக்கவே மூச்சு முட்டுது.”

தாடிக்காரர் சிரித்தார். “பொழுது சாஞ்சாச்சும்மா. இனிமே தொறந்தா விறைச்சுப் போயிடுவோம். இங்க யாரும் அப்படிப் பண்ண மாட்டாங்க.”

அக்கா சிரிக்கவில்லை. “உங்க புரோகிராம்ல?”

தாடிக்காரர் எதையோ தட்டித் தேடினார். பிறகு தலையில் கை வைத்துக்கொண்டார். பொழுது சாய்ந்ததும் எல்லா ஜன்னலையும் மூடிவிடு என்று புரோகிராமுக்குள் என்றைக்கோ எழுதி வைத்திருந்தார்கள். சூட்டை உள்ளே காப்பாற்றுகிறவர்களுக்கு அது சொல்லவேண்டிய விஷயமாகவே படவில்லை. ராத்திரி ஜன்னலைத் திறந்துபோட்டுப் படுக்கிற அக்காவுக்கும், மூடுவீர்களா என்று கேட்கத் தோன்றவில்லை. காற்றை வெளியே நிறுத்திவைத்துவிட்டு, இத்தனை நாளும் சுவரோடு மல்லுக்கட்டியிருக்கிறோம்.

அக்கா தங்கைக்கு போன் போட்டார். “புது வார்டுல ராத்திரி ஜன்னல் தொறந்திருக்கணும். முடியுமாடி?”

“கொசுவலை இல்லாம தொறந்துபாரு, தாய்மாருங்க சேந்து உன்னையே கடிச்சிடுவாங்க.”

வலை போட்டால் காற்று குறையுமே! தீவு நாட்டுக்காரர்கள் வலையோடு காற்றைக் கணக்குப் போட்டு அனுப்பினார்கள். புரோகிராமைத் திருத்தி ஓட்டினோம். சிவப்பு மஞ்சளானது, மஞ்சள் பச்சையானது. அக்கா நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து ஒரு கூச்சல் போட்டார் பாருங்கள், கீழ்மாடிக் காவலாளி மூச்சிரைக்க ஓடிவந்துவிட்டார். மறுநாள் தலைமை டாக்டர் பச்சையைப் பார்த்தார், நாலு கேள்வி கேட்டார், சம்மதித்தார்.

வார்டு எழும்பி, தங்கையும் அங்கே மாறி, முதல் கோடை வந்தது. மூன்று நாட்டுக் கூட்டம் வீடியோவில் நடந்துகொண்டிருந்த ஒரு நடுப்பகலில் கரண்ட் போனது. என் பேட்டரிகள் புண்ணியத்தில் கூட்டம் தொடர்ந்தது. ஏசி நின்றதும் நானே எழுந்துபோய் ஜன்னலைத் திறந்தேன். அக்கா ஒரு பார்வை பார்த்தார், அவ்வளவுதான். வெகுநேரம் கழித்து அவருடைய போன் அடித்தது. தங்கை. அக்காவின் முகம் வெளுத்துவிட்டது. எடுத்தார். எந்தச் சத்தமும் இல்லை.

“என்னடி, லைன்ல இருக்கியா?”

“இருக்கேன்க்கா.” தங்கையின் குரல் ரகசியமாக வந்தது. “இங்கயும் கரண்ட் இல்ல. போனை வார்டுப் பக்கம்தான் புடிச்சிருக்கேன். எல்லாம் தூங்குது.”

அக்கா அழுதுவிட்டார். நானும்தான், மறைப்பானேன். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனைத் திரைக்கு முன்னால் நீட்டிப் பிடித்தார்.

தாடிக்காரர் முன்னால் குனிந்தார், சத்தத்தைக் கூட்டினார். “ஒண்ணுமே கேக்கலையேம்மா.”

“அதைத்தான் சார் கேக்கச் சொல்றேன்!” என்றார் அக்கா.