எட்டு தாஹி ஆயாம்

மலேசியாவில், லாபுவில் எங்கள் வீட்டு வேலியோரம் உண்ணிப்பூச் செடிகளை வரிசையாக நட எனக்கு ஆசை. வெயிலோ மழையோ, வருடக்கணக்கில் தாங்கிப் பூக்கும். மலாய்க்காரர்கள் அதை 'புங்கா தாஹி ஆயாம்' என்பார்கள். கோழிப்பீப் பூ என்று அர்த்தம். நர்சரிக்குப் போன் போட்டேன். அவசரத்தில் பூவைக் குறிக்கும் 'புங்கா'வை விழுங்கிவிட்டு, "தாஹி ஆயாம், எட்டு" என்றேன்.

மறுநாள் லாரி வந்து எட்டு மூட்டைக் கோழி எருவை வாசலில் இறக்கியது. தெருவே மூக்கைப் பொத்திக்கொண்டது. நான் கத்தினேன்.

"அங்கிள், நீங்க கேட்டதத்தான் கொண்டாந்தேன் லா," என்றார் டிரைவர்.

என் மனைவி, "வாயத் தொறந்து முழுசா சொன்னாத்தானே!" என்று ஜன்னலைச் சாத்தினாள்.

எனக்கு வீம்பு வந்துவிட்டது. நேரில் போய் எட்டுச் செடிகளை வாங்கி வந்து நட்டு, அந்த எட்டு மூட்டையையும் அவற்றுக்கே கொட்டினேன். செடிகள் என் தோள் உயரத்துக்குத் தளதளவென்று வளர்ந்தன. ஒரு மொட்டுகூட இல்லை. எரு மிஞ்சினால் இது இலைதான் விடுமாம். நர்சரிக்காரர் பிறகு சொன்னார்.

மனைவி தினமும் காலையில் வேலியோரம் நின்று கேட்கிறாள்: "தாஹி ஆயாம் நல்லா வந்துருச்சுங்க. புங்கா எங்க?"