ரசீதுக்கு இஸ்திரி போட்டவர்

என் அக்கா வீட்டுக்காரருக்குக் கசங்கல் ஆகாது. சிலருக்குப் பூனை ஆகாது, சிலருக்குத் தூசி ஆகாது, இவருக்குச் சுருக்கம். பேருந்தில் முன் இருக்கைக்காரரின் காலர் மடங்கியிருந்தால் இறங்கும் வரை இவருக்குக் கை துறுதுறுவென்று இருக்கும். பத்தொன்பது வருடமாக இஸ்திரி கடை வைத்திருக்கிறார். தெருவில் எல்லோருக்கும் அவர் 'மடிப்பு', எனக்கு மாமா.

கடை என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். எட்டடிக்குப் பத்தடி. நடுவில் போர்வை விரித்த மேஜை, மேலே கம்பியில் சட்டைகள், மூலையில் கஞ்சி பாட்டில்கள், வாசலில் ஒரு பழைய ஸ்கூட்டர். அக்கா அதில் துணி கொண்டுபோய்க் கொடுத்து, வரும் வழியில் சாமான் வாங்கி வருவாள். மாமா மேஜையை விட்டு நகர மாட்டார்.

குடும்பத்தில் கணக்குப் படித்த ஒரே பாவி நான். செருப்புக் கம்பெனி ஒன்றில் கணக்குப் பிரிவில் வேலை. அதனால் மாமாவின் வருமான வரிப் படிவமும் வருடா வருடம் என் தலையில்தான். எங்கள் ஊர்ச் சட்டப்படி, தனி ஆளாகத் தொழில் செய்பவருக்கு இரண்டு வழி உண்டு. ரசீதே காட்டாமல் ஒரு சிறு தொகையை மொத்தமாகக் கழித்துக்கொள்ளலாம். அல்லது ஒவ்வொரு செலவுக்கும் ரசீது வைத்து உண்மையான தொகையைக் கழிக்கலாம். மூன்று வருடம் முதல் வழியிலேயே போனோம். போன வருடம் மின்சாரக் கட்டணமும் பெட்ரோலும் ஏறிக்கிடந்ததால், இரண்டாவது வழிக்கு மாற்றியது என் புத்திசாலித்தனம்.

எதைக் கழிக்கலாம், எதைக் கழிக்கக் கூடாது என்று மாமாவுக்குப் புரியவைப்பதற்குள் எனக்குத் தொண்டை வற்றிவிட்டது.

"நான் போட்டிருக்கிற சட்டை?"

"அது உங்க சொந்தச் செலவு மாமா."

"இஸ்திரிகாரன் கசங்கின சட்டையில நின்னா எவன் துணி குடுப்பான்? இது விளம்பரம்மா. எழுது."

"எழுத முடியாது."

"முடி வெட்டினது?"

"மாமா!"

"போன் பில்லு?"

"பாதி. மீதிப் பாதி வீட்டுக்குப் பேசறது."

"நான் வீட்டுக்குப் பேசறதே இல்லையே, உங்க அக்காதான் பேசறா."

இப்படி மூன்று ஞாயிற்றுக்கிழமை மல்லுக்கட்டிப் படிவத்தை அனுப்பினோம். இரண்டே மாதத்தில் வரி அலுவலகத்திலிருந்து கடிதம் வந்துவிட்டது. இன்ன தேதி, காலை பத்து மணி, செலவு ரசீதுகளின் அசலுடன் நேரில் வரவும்.

ரசீது இல்லையென்றால் கழிவு இல்லை. விட்டுப்போன வரியோடு அபராதமும் சேரும். மாமாவிடம் அவ்வளவு பணம் இருந்ததுதான் ஆபத்து. நீராவி இஸ்திரி மேஜை ஒன்று வாங்க இரண்டு வருடமாகச் சேர்த்து வைத்திருந்தார். அந்த மேஜை வந்தால், பெரிய உணவகம் ஒன்று தன் மேஜை விரிப்புகளையும் சிப்பந்திகளின் சீருடைகளையும் இவருக்கே தருவதாகச் சொல்லியிருந்தது. மாதக் கடைசிக்குள் மேஜை இல்லையென்றால் வேறு கடைக்குப் போய்விடுவார்கள்.

"ரசீதெல்லாம் பத்திரமா இருக்கா?" என்று போனில் கேட்டேன்.

"ஒண்ணு விடாம இருக்கு. ஐம்பத்து மூணு" என்றார். அத்தனையும் ஒரு பிளாஸ்டிக் பையில் பந்து பந்தாகச் சுருண்டுகிடந்தன என்பதை மட்டும் சொல்லவில்லை.

போக வேண்டிய நாளுக்கு முந்தின நாள் மதியம் கடைக்குப் போனேன். மாமா ஒரு அட்டைப்பெட்டியை இரண்டு கையாலும் நீட்டினார். முகத்தில் அப்படி ஒரு பெருமை. ஆனால் அந்தப் பெருமைக்குள்ளே ஏதோ ஒரு சந்தேகமும் எட்டிப்பார்த்தது.

திறந்தேன். ஐம்பத்து மூன்று கருப்புத் தாள்கள். ஒன்றில்கூட ஒரு சுருக்கம் இல்லை.

"என்ன மாமா இது?"

"ரசீதும்மா. அதிகாரி கையில கசங்கினதைக் குடுக்கலாமா? பத்தொன்பது வருஷத்துல நான் யார் கையிலயும் கசங்கினதைக் குடுத்ததில்லை. லேசான சூட்லதான் தேய்ச்சேன். பட்டுத் துணிக்கு வைக்கிற சூடு."

இந்தக் காலத்து ரசீதில் மை கிடையாது. சூட்டில்தான் எழுத்தே விழுகிறது. அந்தத் தாளை இஸ்திரி போட்டால் தாள் முழுக்க எழுத்து விழுந்த மாதிரிதான்.

"முதல் தாள் கருத்ததுமே தெரியலையா?"

"இஸ்திரிப் பெட்டியில அழுக்குன்னு நினைச்சேன். துடைச்சிட்டு அடுத்ததைப் போட்டேன்."

"ஐம்பத்து மூணு தடவை துடைச்சீங்களா?"

"சூடு குறையட்டும்னு நடுவுல கொஞ்சம் ஆற விட்டேன்" என்றார், அது ஒரு சமாதானம் போல.

நான் கத்திய கத்தலில் எதிர்க் கடைக்காரர் எட்டிப்பார்த்தார். படிக்காத முட்டாள்கூட இப்படிச் செய்ய மாட்டான் என்று தொடங்கி வாய்க்கு வந்தபடி திட்டினேன். மாமா தலையைக் குனிந்து, என் துப்பட்டாவின் நுனியை விரலால் நீவிவிட்டுக்கொண்டிருந்தார்.

மறுநாள் வரி அலுவலகத்தில் இருந்த அம்மையார் ஒரு தாளை எடுத்து விளக்கில் பிடித்தார், திருப்பினார், முகர்ந்துகூடப் பார்த்தார்.

"என்னங்க இது?"

"கஞ்சி வாங்கினதுங்க மேடம். இல்ல, பெட்ரோலா இருக்கலாம்" என்றார் மாமா.

அந்த அம்மாளுக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டார். பத்து நாள் அவகாசம் கொடுத்தார். கடைகளில் நகல் வாங்கி வந்தால் போதும் என்றார்.

கடைக்காரர்களும் நல்லவர்கள்தான். ஆனால் எல்லோரும் கேட்டது ஒன்றே: எந்தத் தேதி? தேதி தெரிந்தால் கம்ப்யூட்டரில் எடுத்துத் தருகிறோம். மாமா என்னைப் பார்த்தார். நான் மாமாவைப் பார்த்தேன். வெறுங்கையோடு எங்கள் கடைக்குத் திரும்பி விஷயத்தைச் சொன்னதும், சட்டைக்குப் பொத்தான் பூட்டிக்கொண்டிருந்த அக்கா நிமிர்ந்தாள்.

"ஹேங்கர் வாங்கினது நான் பல்லு பிடுங்கின மறுநாள். வாய் வீங்கி, கையால காட்டித்தான் வாங்கினேன். பல் டாக்டர் சீட்டுல தேதி இருக்கும், பாரு. டயர் மாத்தினது மழையில நான் வண்டியோட சறுக்கி விழுந்தேனே, அந்த வெள்ளிக்கிழமை. மேஜைப் போர்வையும் புதுப் பெட்டியும் உங்க மாமாவுக்குக் காய்ச்சல் வந்து ஒன்பது நாள் நான் தனியா கடையைப் பார்த்தப்போ வாங்கினது. பழைய பெட்டியில எனக்கு ஷாக் அடிச்சுதே."

அவள் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். பல்வலி, மழை, காய்ச்சல், ஷாக் என்று அக்காவின் ஒரு வருடமே காகிதத்தில் வரிசையாக வந்து நின்றது. ஐம்பத்து மூன்றில் நாற்பத்தேழுக்கு நகல் கிடைத்துவிட்டது.

அடுத்த முறை மூன்று பேருமாகப் போனோம். அந்த அம்மையார் ஒவ்வொன்றாகச் சரிபார்த்து முடித்து, "ஆறு போகட்டும், மத்ததெல்லாம் சரி. அபராதம் இல்லை" என்றார். மாமாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. மேஜையும் உணவகமும் பிழைத்தன. நாங்கள் எழுந்திருக்கும்போது அந்த அம்மையார் அக்காவைப் பார்த்தார்.

"தேதியெல்லாம் சொன்னது நீங்களா? கடையில என்ன வேலை பண்றீங்க?"

"வேலையெல்லாம் இல்லீங்க. சும்மா கூடமாட இருப்பேன்" என்றாள் அக்கா.

"எவ்வளவு நாளா?"

"பதினாலு வருஷமா."

அவர் படிவத்தைத் திருப்பினார். "உதவிக்கு ஆள் உண்டான்னு ஒரு கட்டம் இருக்கு. 'ஒருவரும் இல்லை'ன்னு எழுதியிருக்கீங்க. இவங்களுக்கு நிஜமாவே சம்பளம் குடுத்திருந்தா அதையும் கழிச்சிருக்கலாம். இந்த ரசீது அத்தனையையும் விட அது பெரிய தொகை."

மாமா என்னைப் பார்த்தார். திட்டவில்லை, பார்த்தார், அவ்வளவுதான். 'ஒருவரும் இல்லை' என்று எழுதியது நான். நாலு வருடம், நாலு படிவம், எல்லாம் என் கையெழுத்து. கூடப் பிறந்தவள் நான். மாமாவை முட்டாள் என்று தெருவே கேட்கத் திட்டிய எனக்கு அந்த நாற்காலியில் உட்காரவே வெட்கமாக இருந்தது.

பேருந்து நிறுத்தத்தில் மாமா தொண்டையைக் கனைத்தார். "கடைக்கு ஒரு ஆளை வெச்சா என்ன சம்பளம் கேப்பாங்க?"

"வண்டி ஓட்டத் தெரிஞ்ச ஆளா, தெரியாத ஆளா?" என்றாள் அக்கா.

"தெரிஞ்ச ஆள்தான்."

"கணக்கை ஞாபகம் வெச்சிக்கணுமா?"

"ஆமா."

"நீங்க படுத்தா கடையையும் பார்த்துக்கணுமா?"

ஒவ்வொரு கேள்விக்கும் தொகை ஏறியது. பேருந்து வருவதற்குள் மாமா சரணடைந்துவிட்டார்.

மாதக் கடைசியில் அக்கா உறையை வாங்கி, இரண்டு முறை எண்ணி, நான் தயாரித்த சீட்டில் கையெழுத்துப் போட்டாள். மறுநாள் காலை எட்டு மணிக்கு மாமாவிடமிருந்து போன். "உங்க அக்கா எழுந்திருக்கலைம்மா. கூப்பிட்டாலும் பதில் இல்லை. கொஞ்சம் வந்து பாரேன்."

அடித்துப்பிடித்து ஓடினேன். அக்கா போர்வைக்குள்ளிருந்து ஒரு கண்ணை மட்டும் திறந்தாள்.

"உடம்புக்கு என்னக்கா?"

"உடம்புக்கு ஒண்ணுமில்லை. சம்பளம் வாங்கறவங்களுக்கு வாரத்துல ஒரு நாள் லீவு உண்டா இல்லையா? நீதான் படிச்சவளாச்சே, சொல்லு."

"உண்டு."

"அப்போ கதவைச் சாத்திட்டுப் போ."

சாத்திவிட்டு வந்து, ஸ்கூட்டரில் துணி மூட்டையைக் கட்டி நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். அக்கா மதியம் இரண்டு மணி வரை தூங்கினாள்.