பிளக்கு அக்கா

கேபிளைப் பிடுங்கிக் கையில் சுருட்டிக்கொண்டு, "சிஸ்டம் போச்சு. இப்ப என்ன பண்ணுவீங்க?" என்று கேட்கிறார். கிடங்கில் இருப்பவர்கள் அலுத்துக்கொண்டே போனையும் தாளையும் எடுக்கிறார்கள். மூன்று நாட்டு மருத்துவமனைகளுக்கு இன்சுலின் அனுப்பும் நிறுவனத்தில் இவர் இணையப் பாதுகாப்பு அதிகாரி. அங்கே எல்லோருக்கும் 'பிளக்கு அக்கா'.

குள்ள உருவம். நடை மட்டும் ரயிலைத் தவறவிடப் போகிறவருடையது. இணையத் தாக்குதல் நடந்தால் ஒரு நாட்டுச் சட்டப்படி ஒரே நாளில் அரசுக்குச் சொல்ல வேண்டும். இன்னொன்று மூன்று நாள் தரும். மூன்றாவது, கணினி இல்லாமலும் சரக்கு போகும் என்று ஒத்திகை பார்த்துக் காட்டச் சொல்கிறது.

"மூணு மாமியாருக்கு ஒரே மருமக நான்," என்கிறார். "இருக்கறதுலயே கறாரானவங்க சொல்றபடி நடந்துட்டா, மத்த ரெண்டு பேரும் வாயத் தொறக்க மாட்டாங்க."

வீட்டிலும் இப்படித்தானாம். "திடீர்னு வைஃபைய நிறுத்திட்டு எங்க மூஞ்சியவே பாத்துட்டு நிப்பா," என்று கணவர் என்னிடம் முறையிட்டார்.

போன மாதம் ஒத்திகை நிஜமாகிவிட்டது. காலையில் வந்து பார்த்தால் வைரஸ் புகுந்து எல்லாக் கணினித் திரைகளும் பூட்டிக் கிடந்தன. முதலாளி குரலைத் தாழ்த்தி, "ரெண்டு நாள் பொறும்மா. சரி பண்ணிட்டுச் சொல்லிக்கலாம். வெளிய தெரிஞ்சா பேரு கெட்டுடும்," என்றார்.

"இப்பவே சொன்னாதான் சார் ஆஸ்பத்திரிக்காரங்க நம்ம இணைப்பத் துண்டிச்சுக்குவாங்க. நம்ம பேரக் காப்பாத்தப் போயி வைரஸ் அங்கயும் பரவிடக் கூடாது."

"உன் வேலைக்கு நான் உத்தரவாதம் இல்ல, சொல்லிட்டேன்."

"சரிங்க சார்," என்றபடியே போனை எடுத்தார். மூன்று அரசுகளுக்கும் மருத்துவமனைகளுக்கும் தகவல் போயிற்று. அவை உடனே இணைப்பைத் துண்டித்துக்கொண்டன. வைரஸ் எல்லை தாண்டவில்லை. கிடங்கில் போனில் கேட்டு, தாளில் எழுதி, மாலைக்குள் வண்டிகளை அனுப்பிவிட்டார்கள். சில தாமதமாகப் போயின, எதுவும் நின்றுபோகவில்லை.

அதன்பிறகுதான், வைரஸ் ஒரு போலி மெயிலில் வந்தது தெரிந்து, முதலாளி, "அந்த மெயிலத் தொறந்தது யாரு?" என்று கேட்டுக்கொண்டு வந்தார். கணக்குப் பிரிவுப் பெண் எழுந்து நின்றாள். கண்கள் அழுது வீங்கியிருந்தன.

அக்கா ஒரு நாற்காலியை இழுத்து அவள் பக்கத்தில் போட்டார். அவளையும் கையைப் பிடித்து உட்கார வைத்தார்.

"அந்த மெயில் உன் போன்ல இருக்குமே, காட்டும்மா. எத வெச்சு நிஜம்னு நம்புன? நானும் ஏமாந்திருப்பேனான்னு பாக்கணும்," என்று கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு குனிந்தார்.