உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்

நேர்முகத் தேர்வுக்கு ஆட்களைத் தயார் செய்து அனுப்புவது என் தொழில். பெண் பார்க்க வருகிற அன்று பெண்ணுக்குத் தலைவாரிப் பூ வைத்துவிடுகிற வேலைக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் கிடையாது.

புனேயில், ஆகுர்டி ஸ்டேஷனுக்கு எதிரே இரண்டு அறை ஆபீஸ். சாகண், தளேகாவ் பக்கத்துத் தொழிற்சாலைகள் எங்களிடம் ஆள் கேட்கும். விண்ணப்பித்தவர்களிடம் முதலில் நான் ஃபோனில் பேசிப் பார்ப்பேன். தேறியவர்களை நேரில் வரவழைத்து, எப்படி உட்காருவது, எதைச் சொல்வது, எதை விழுங்கிவிடுவது என்று பழக்குவேன். நீங்களும் ஒருநாள் மடியில் ஃபைலை வைத்துக்கொண்டு, உள்ளங்கை வியர்வையை பேன்ட்டில் துடைத்தபடி உட்கார்ந்திருந்தவர்தானே? கேள்வி கேட்கிறவளுக்கும் பயம் உண்டு என்பதை உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது?

பெஞ்சில் இருந்தவர்

செவ்வாய்க்கிழமைகளில் தளேகாவில் ஒரு கம்பெனிக்குப் போவேன். காலை லோக்கல் ரயிலில் இறங்கும்போதெல்லாம் பிளாட்பாரக் கோடி பெஞ்சில், இஸ்திரி போட்ட நீல யூனிஃபார்மில் ஒருவர் உட்கார்ந்திருப்பார். பக்கத்தில் டிபன் பை. இடதுபுறம் திரும்பிப் பேசுவார், நிறுத்துவார், தலையாட்டிக் கேட்பார், மறுபடி பேசுவார். இடதுபுறம் யாரும் இருக்கமாட்டார்கள். காதில் ஏதாவது மாட்டியிருக்கிறாரா என்று கிட்டே போய்ப் பார்த்தேன். ஒன்றுமில்லை.

ஒரு மாதம் கழித்து அவரே எங்கள் ஆபீசுக்கு வந்தார். பெயர் செல்வராஜ், சேலத்துக்காரர். பதினெட்டு வருஷம் லேத் ஓட்டியவரை கம்பெனி அனுப்பிவிட்டது. வீட்டில் சொல்லவில்லை. மனைவி கட்டிக் கொடுக்கிற டிபனோடு தினமும் ஷிஃப்ட்டுக்குக் கிளம்புவதுபோல் கிளம்பி, ஸ்டேஷனில் உட்கார்ந்து இன்டர்வியூவுக்குப் பேசிப் பழகியிருக்கிறார். பதில்களில் என்னால் ஒரு குறையும் சொல்ல முடியவில்லை. நான் கேட்கப்போகிற கேள்விக்குக்கூட முன்னாலேயே பதில் வைத்திருந்தார். இரண்டே வாரத்தில் தளேகாவிலேயே வேலை கிடைத்தது. வீட்டிலும் சொல்லிவிட்டாராம். மனைவி அழுதுவிட்டு, அப்புறம் டிபனில் இனிப்பு வைத்து அனுப்பியிருக்கிறார்.

நன்றி சொல்ல வந்தவரிடம், "இனிமே அந்த பெஞ்சுக்கு வேலை இல்ல" என்றேன் சிரித்துக்கொண்டே. அவர் சிரிக்கவில்லை. "வேலை கிடைச்சிருச்சுன்னு பக்கத்துல உக்காந்திருந்தவர்ட்ட போய்ச் சொன்னேன் மேடம். அவரு எந்திரிக்கல. அடுத்த ஆளுக்கு உக்காந்திருக்காரு போல."

சிரிப்பு

என்னிடம் பழக வந்த ரிஸ்வானாவின் அத்தாவுக்குக் கேம்ப் பகுதியில் தோல் பை வியாபாரம். ஆம்பூர்க் குடும்பம், ஆனால் அவள் பிறந்து வளர்ந்ததெல்லாம் புனே. தமிழ் திக்கித் திக்கி வரும், நடுவில் இந்தி ஓடும். முதல் வேலைக்காக ஒரு வீடியோ தேர்வு. எதிரே மனுஷரே கிடையாது. திரையில் கேள்வி வரும், கேமராவைப் பார்த்துப் பதில் சொல்லவேண்டும், மெஷின் மார்க் போடும். இரண்டு தடவை அவள் தேறவில்லை. இரண்டு தடவையும் 'முகத்தில் மலர்ச்சி போதாது' என்று வந்தது.

நான்தான் அந்த யோசனையைச் சொன்னேன். கேமராவுக்கு மேலே ஒரு ஸ்டிக்கர் பொட்டை ஒட்டு, அதைப் பார்த்துச் சிரி, சிரித்துக்கொண்டே பேசு. மூன்று வாரம் விடாமல் பழகினாள். சமைக்கும்போதும் பழகினாளாம். அடுத்த தேர்வில் தேறிவிட்டாள்.

வேலையில் சேருவதற்கு இரண்டு நாள் முன்னால் வந்து என் எதிரே உட்கார்ந்தாள். ஆம்பூரில் மாமா மௌத்தாகிவிட்டார் என்று ஃபோன் வந்திருக்கிறது. இவளைத் தூக்கி வளர்த்த மாமா. வீடே அழுகிறது. கூடத்தின் நடுவில் நின்று இவள் சிரித்திருக்கிறாள். அம்மா கன்னத்தில் அறைந்திருக்கிறார். அப்போதும் சிரிப்பு போகவில்லை. இதையெல்லாம் சொல்லும்போது அவள் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டே இருந்தது. வாய் மட்டும் அழகாக, நான் சொல்லிக் கொடுத்த அளவுக்கு, விரிந்திருந்தது. கேட்டாள்: "அக்கா, இதை பந்த் பண்றது எப்படி?"

டக் டக்

ஃபோனில் ஒரு நாசிக் பையன் பேசினான். ஒவ்வொரு பதிலுக்கும் முன்னால் பேனாவை இரண்டு தடவை அழுத்துகிற சத்தம். டக் டக். பிறகு தெளிவான பதில். மறுவாரம் லக்னோக்காரர் ஒருவர், சுத்தமான இந்தி. டக் டக். நிறைய பேருக்கு இருக்கிற பழக்கம் என்று விட்டுவிட்டேன். அதற்கடுத்த வாரம் மதுரை முத்துக்குமார், மதுரைத் தமிழ் மணக்க மணக்கப் பேசினார். டக் டக். அதே பேனா, அதே இடைவெளி. மூன்றும் ஒரே ஆள்.

முத்துக்குமாரை நேரில் கூப்பிட்டேன். வந்தவருக்குக் குரலே வேறு. ஃபோனில் 'அவர்' சொன்ன எதுவும் இவருக்குத் தெரியவில்லை. யார் பேசியது என்று அதட்டியதும் உடைந்துவிட்டார். "சத்தியமா தெரியாது மேடம். யாரோ நம்பர் குடுத்தாங்க. என் பயோடேட்டாவ அனுப்புனேன். அவர நான் பார்த்ததே இல்ல. எங்கம்மாட்ட ஒருதரம் எனக்குப் பதிலா அவரு பேசிட்டாரு, அம்மாவுக்கே தெரியல."

பக்கத்து அறை

ஜூலையில், மழை பிடித்துக்கொண்ட ஒரு மத்தியானம், நாற்பது வயசு மதிக்கத்தக்க ஒருவர் வந்தார். குடையை வெளியே வைத்துவிட்டு உட்கார்ந்து, பையிலிருந்து பேனாவை எடுத்தார். டக் டக்.

போலீசைக் கூப்பிட வேண்டும் என்றுதான் தோன்றியது. அவர் அதற்கு இடம் கொடுக்கவில்லை. பல வருஷமாக அடுத்தவர்களுக்காகப் பேசியதை அவரே ஒப்புக்கொண்டார். இனி முடியாதாம். சொந்தப் பெயரில் ஒரு வேலை வேண்டுமாம். தயார் செய்யுங்கள் என்றார். கோபத்தை மீறி ஒரு பரிதாபம் வந்தது. "சரி, உங்களைப் பத்திச் சொல்லுங்க" என்றேன்.

"நாசிக்ல பிறந்தேன், அப்பா தபால்காரர்" என்று ஆரம்பித்தார். "அது அந்தப் பையனோட கதைங்க" என்றேன். மன்னிப்புக் கேட்டுவிட்டு மறுபடி ஆரம்பித்தார். அது லக்னோக்காரருடையது. மூன்றாவது தடவை வாயைத் திறந்தார், சத்தமே வரவில்லை. பேனாவை அழுத்திக்கொண்டே இருந்தார். பிறகு மெல்லிய குரலில், "ஃபோன்லன்னா வந்துடும். நீங்க பக்கத்து ரூமுக்குப் போய்க் கூப்பிடுறீங்களா?" என்றார்.

போனேன். கதவைச் சாத்திக்கொண்டு கூப்பிட்டேன். அதே கேள்வியைக் கேட்டேன். டக் டக். இந்தத் தடவை ஒரு தடங்கலும் இல்லாமல், நல்ல கோயமுத்தூர்த் தமிழில் வந்தது. பீளமேட்டில் பிறந்தது, கணக்குப் பரீட்சையில் ஒருமுறை தோற்றது, கல்யாணத்துக்கு அப்புறம் புனே வந்தது, மொழி தெரியாமல் ஆறு மாசம் வீட்டுக்குள்ளேயே கிடந்தது. அத்தனையும் நான். ஃபோனில் பதற்றப்படுகிறவர்களுக்குத் தைரியம் வரட்டும் என்று முதலில் என் கதையைத்தான் மாதிரிக்குச் சொல்லிக் காட்டுவேன். எத்தனையோ தடவை எதிர்முனையில் இருந்து கேட்டது இவர்தான். என்னைவிட நன்றாகச் சொன்னார். நான் எப்போதும் தடுமாறுகிற இடத்தில் அவர் தடுமாறவில்லை.

ஃபோனை வைக்கக் கை வரவில்லை. சுவருக்கு அந்தப் பக்கமிருந்தும் காதுக்குள்ளிருந்தும் ஒரே நேரத்தில் கேட்டது: "சரியாச் சொன்னனுங்களா?"

இத்தனை வருஷத்தில் நூற்றுக்கணக்கான பேரைத் தயார் செய்து வேலைக்கு அனுப்பியிருக்கிறேன். போய்ச் சேர்ந்தது அவர்கள்தானா என்று மட்டும் யாரும் என்னிடம் கேட்டுவிடாதீர்கள்.