கோட்டை மாடியில் கட்டிப்போட்டவள்

சொல்லிக்கொண்டு போயிருக்கலாம். செல்லப்பாவுக்கு நாலு வருஷமாக நெஞ்சில் கிடந்து அறுக்கிற குறை இதுதான். புளியங்குடி மார்க்கெட்டில் எலுமிச்சை மூட்டை ஏற்றிவிட்டு வீடு திரும்பியபோது அடுப்பு குளிர்ந்து கிடந்தது. மனைவி சுகிர்தம் மகளையும் கூட்டிக்கொண்டு வடகரைக்கு, தாய் வீட்டுக்குப் போய்விட்டாள். நர்ஸுக்குப் படிக்கப் போகிறேன் என்று அவள் கேட்டதும், "குடும்பத்துப் பொம்பளைக்கு ராத்திரி டூட்டி என்ன வேண்டிக்கெடக்கு?" என்று இவன் சொன்னதும் நிஜம்தான். அதற்காக இப்படி ஒரு போக்கா? போனவளுக்கு வரத் தெரியாதா என்று இவனும் இருந்துவிட்டான். ஒற்றை ஆளுக்கு உலை வைக்கிற சள்ளையை யாரிடம் சொல்ல? எப்படிப் போட்டாலும் சோறு மிஞ்சும். மறுநாளும் அதையே தின்பான்.

எண்பத்தெட்டாம் வருஷச் சீசனுக்கு முதலாளி முகம்மது மீரான் குற்றாலத்தில், அருவிக்குப் போகிற வழியில் தகரக் கொட்டகை போட்டு, மெட்ராஸிலிருந்து வீடியோ கேம் மிஷின்களை இறக்கினார். டோக்கன் கொடுக்கிற வேலை செல்லப்பாவுக்கு. சனிக்கிழமைதோறும் மகள் ஜெபமலரை அவள் தாய்மாமன் கொண்டுவந்து விட்டுவிட்டு, சாயங்காலம் கூட்டிப் போவான். அவளுக்குப் பத்து வயசு. செல்லப்பா மனம்விட்டு நாலு வார்த்தை பேசுவது அவளிடம் மட்டும்தான்.

அந்தச் சனிக்கிழமை காலையிலேயே அவன் அண்ணன் வந்து நின்றார்.

"ஏலே, ஒம் பொண்டாட்டிக்கு மதுரை ஆஸ்பத்திரில நர்ஸ் வேலை கெடைச்சிட்டு. செவ்வாக்கெழம கெளம்புதாளாம். போயிட்டான்னா புள்ளையும் போச்சு. நாளைக்கு வேன் சொல்லியாச்சு. நாலு பேரு போயி ரெண்டு பேரையும் தூக்கிப் போட்டுட்டு வந்துருவோம். ஆம்பளையா லெட்சணமா ஏறி உக்காரு."

செல்லப்பா தலையை ஆட்டினான். ஜெபமலர் பக்கத்தில்தான் முறுக்குத் தின்றுகொண்டிருந்தாள்.

மத்தியானம் சாரல் வலுத்தது. கொட்டகைக்குள் ஈரத் துண்டோடு ஒரே கூட்டம். ஜெபமலர் டோக்கனைப் போட்டுவிட்டு கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். திரையில் ஒரு கோட்டை; மாடியில் அரைகுறைத் துணியோடு ஒருத்தியைத் தூணில் கட்டிப்போட்டிருந்தது. கீழே வாள்காரன் அசையாமல் நின்றான். எலும்புக்கூடு வந்து அவனை வெட்டிப்போட்டது.

"ஏட்டி, ஆடத் தெரியலன்னா தள்ளு," என்றான் பின்னால் நின்ற ஒருவன்.

"டோக்கன் எங்கப்பா தந்தது. ஒமக்கென்ன?"

செல்லப்பா எழுந்து வந்தான். "என்னட்டி செய்யுத?"

"இவன் போகலன்னா அந்தப் பொம்பள என்ன செய்யுதான்னு பாக்கேன்."

"அவ என்ன செய்வா? கத்துவா."

"கயிறு கையிலதானப்பா கெடக்கு. கால் சும்மாத்தான இருக்கு? நடக்கலாம்லா?"

"அவள நடக்க வைக்கல. மிஷின் செஞ்சவன் அப்படிச் செஞ்சிருக்கான்."

"அவன் வீட்டுப் பொம்பளைகளும் நடக்க மாட்டாளுகளா?"

கொட்டகையே சிரித்தது. செல்லப்பாவும் சிரித்தான். அவள் விடவில்லை.

"ஜெயிச்சா அவளத் தூக்கிட்டுப் போயிருதான். வாரியான்னு கேட்டானாப்பா?"

"காப்பாத்த வந்தவன்லாட்டி. எவனாவது நின்னு கேட்டுக்கிட்டு இருப்பானா? தூக்கிட்டுப் போக வேண்டியதுதான்."

"பெரியப்பா சொன்ன மாதிரியா?"

செல்லப்பா மேஜைக்குத் திரும்பி டோக்கன்களை அடுக்கத் தொடங்கினான். அடுக்கியதைக் கலைத்து மறுபடி அடுக்கினான். வேனில் ஏறினால் வீட்டில் இனி மூன்று பேருக்கு உலை. ஏறாவிட்டால் சனிக்கிழமைக்கு மகள் வருவதும் இல்லை. மதுரை என்ன கூப்பிடு தூரமா?

சாயங்காலம் பஸ் ஸ்டாண்டில் தாய்மாமன் முதலில் ஏறி இடம் பிடித்தான். ஜெபமலர் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். செல்லப்பா கீழே, மழையில் நனைந்தபடி நின்றான். டிரைவர் வண்டியை எடுக்கும்போது அவள் கம்பிக்குள்ளே மூக்கை நுழைத்தாள்.

"யப்பா, நாளைக்கு வேன்ல வராண்டாம். நீங்க மட்டும் பஸ்ல வாங்க. வந்து, வாரியான்னு அம்மாட்ட கேளுங்க. மாட்டேன்னு சொன்னா, காப்பியக் குடிச்சிட்டுப் போங்க."