மாமாவின் வெள்ளிக்கிழமை மூட்டை

சிமெண்டுத் தரையில் சாக்கு உரசும் சத்தம் எங்கே கேட்டாலும் எனக்கு மாமாவின் ஞாபகம்தான் வரும். வெள்ளிக்கிழமை காலையில் குளித்து, விபூதி பூசி, சாமி படத்துக்குக் கும்பிடு போட்ட கையோடு கட்டிலுக்கு அடியிலிருந்து ஏலக்காய் மூட்டையை வெளியே இழுப்பார். உள்ளே இருக்கும் கறுப்புப் பாலிதீனின் முடிச்சை அவிழ்த்து, முகத்தை அதற்குள் கொடுத்து மூச்சை நன்றாக இழுத்துக்கொள்வார். ஒரு காயை எடுத்து வெளிச்சத்தில் பிடித்து, "பாத்தியா மாப்ளே, பச்சை போகல" என்பார். பிறகு முடிச்சைப் போட்டு உள்ளே தள்ளிவிடுவார்.

அவர் என் அப்பாவின் தங்கையைக் கட்டியவர். போடிமெட்டுக்கு மேலே ஒரு எஸ்டேட்டில் காய் உலர்த்தும் ஸ்டோரை வாழ்நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டவர். ஓய்வு பெற்றபோது நிர்வாகம் இரண்டு வழி சொன்னது. சேர்ந்த பணத்தை அவர்கள் திட்டத்திலேயே விட்டுவைத்தால் மாதாமாதம் பென்ஷன். வேண்டாமென்றால் மொத்தமாக வாங்கிக்கொள்ளலாம். நான் போடியில் வங்கி ஊழியன். இது என் தொழில் ஆயிற்றே என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து எடுத்துச் சொன்னேன். பென்ஷனை வாங்குங்கள், இல்லையென்றால் வைப்புநிதியிலாவது போடுங்கள் என்று கெஞ்சாத குறை. எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். மறுவாரமே மொத்தப் பணத்தையும் வாங்கி, விலை படுத்துக் கிடந்த நேரம் பார்த்து, இரண்டு மூட்டை ஏலக்காயாகக் கொண்டுவந்து கட்டிலுக்கு அடியில் போட்டுவிட்டார். கேள்விப்பட்டதும் நேரே போய் ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று கேட்டேன்.

"பென்சன் நான் இருக்க மட்டுந்தான் மாப்ளே. காயி கெடக்கும்ல. நாளைக்கு ஒங்கத்தை யாரு வாசல்லயும் போயி நிக்க வேண்டாம்."

எங்கள் ஊரில் இதை யாரும் பைத்தியக்காரத்தனம் என்று சொல்லமாட்டார்கள். பீரோவில் நகை வைக்கிற மாதிரி காய் வைத்திருக்கிற வீடுகள் உண்டு. விலை ஏறும், இறங்கும், ஒருநாள் கொட்டும் என்ற நம்பிக்கை இங்கே காற்றிலேயே கலந்திருக்கிறது. ஆனால் ஏலக்காய் தங்கம் இல்லை. காற்றும் வெளிச்சமும் பட்டால் வெளுக்கும், வெளுத்தால் விலை பாதியாகும். எப்படிக் கட்டிவைத்தாலும் வருஷக்கணக்கில் தாங்காது.

விலை கண்டபடி எகிறிய ஒரு வருஷம், மாமா கண் ஆபரேஷன் முடிந்து மதுரையில் மகள் வீட்டிலிருந்து திரும்பிய பிறகு, வியாபாரிகள் அவர் வாசலுக்கே வந்து கேட்டார்கள். மாமா அசையவில்லை. "இன்னும் ஏறும்" என்று அனுப்பிவிட்டார். அப்புறம் விலை விழுந்தது. அதற்கும் அவர் அலட்டிக்கொள்ளவில்லை. அத்தை காய் பொறுக்கும் கூலிக்குப் போய்க்கொண்டிருந்தாள், வீடு எப்படியோ ஓடியது. டீக்கும் வெற்றிலைக்கும் அவள்தான் அவருக்குக் காசு கொடுப்பாள். எனக்கு அவர்மேல் கோபமாகவே இருந்தது. இத்தனை பிடிவாதம் ஒரு மனுஷனுக்கு ஆகாது என்று என் மனைவியிடம் எத்தனையோ முறை திட்டியிருக்கிறேன்.

போன வருஷம் மாமா தூக்கத்திலேயே போய்விட்டார். காரியமெல்லாம் முடிந்து சொந்தபந்தம் கலைந்ததும் அத்தையின் பாடு என்ன என்ற கவலை என்னைப் பிடித்துக்கொண்டது. மூட்டைகளை இப்போதே விற்றால் வந்தவரைக்கும் லாபம், ஜீப்பு கொண்டுவரட்டுமா என்று கேட்டேன்.

"அதுல காயி இல்ல அப்பு" என்றாள் அத்தை.

எனக்குப் புரியவில்லை. அவள் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "வெலை ஏறுன வருசம் அவுக கண்ணு ஆபரேசன் முடிஞ்சு மதுரையில மக வீட்ல கெடந்தாகள்ல. வெளுக்க ஆரம்பிச்சிருச்சு, வித்துருவம்னு அதுக்கு முந்தியே எம்புட்டோ சொல்லிப் பாத்தேன், கேக்கல. அதான் வித்துப்புட்டேன். என் உசுரு இருக்க மட்டும் மாசாமாசம் வர்ற மாதிரி ஒரு பென்சன்ல போட்ருக்கேன். ஒங்க பேங்குக்கு வந்தா நீ அவுககிட்ட சொல்லிப்புடுவ, அதான் வேற எடத்துல போட்டேன்."

"மூட்டையில என்ன இருக்கு?"

"காப்பிக்கொட்டை ஒரிச்ச தொலி. கனம் கொறஞ்சது தெரியக்கூடாதுன்னு அடியில மணலு. மேல மட்டும் ரெண்டு படி காயி."

பென்ஷனே வேண்டாம் என்று காலரைத் தூக்கிவிட்டுக்கொண்ட மனுஷன் இத்தனை வருஷமும் பென்ஷன் சோற்றைத்தான் சாப்பிட்டிருக்கிறார். வெள்ளிக்கிழமைதோறும் காப்பித் தொலிக்கு முன்னால் உட்கார்ந்து பெருமைப்பட்டிருக்கிறார். பாவம், கடைசிவரை தெரியாமலே போய்விட்டாரே. அத்தைமேல் கோபப்படுவதா அவளைக் கும்பிடுவதா என்று தெரியவில்லை.

நம்பமுடியாமல் மூட்டையை இழுத்தேன். அதே சத்தம். முடிச்சை அவிழ்த்ததும் வாசனை முகத்தில் அடித்தது. மேலே காய், ஒரு தாள், அதற்குக் கீழே தொலி. அவள் சொன்னது சொன்னபடி இருந்தது. மற்ற மூட்டையிலும் தொலிதான். ஆனால் எனக்குப் பின்னால் நின்று எட்டிப்பார்த்த அத்தை சட்டென்று கீழே உட்கார்ந்துவிட்டாள். கை நிறையக் காயை அள்ளி மோந்து பார்த்தாள். ஒன்றை நகத்தால் கீறினாள்.

"நான் போட்டது ஒரே தடவைதான் அப்பு. அப்புறம் தொடவே இல்ல. இந்நேரம் வைக்கோலு மாதிரி வெளுத்துப் போயிருக்கணும்" என்றாள். "இது இந்த வருசக் காயி."

வீட்டில் அவர்கள் இரண்டு பேரைத் தவிர யாரும் கிடையாது. காலமெல்லாம் காயோடு கிடந்தவருக்குத் தொலியும் மணலும் அடைத்த மூட்டைக்கும் காய் மூட்டைக்கும் வித்தியாசம் தெரியாமல் இருக்குமா? வியாபாரிகள் வந்து நின்றபோது அவர் ஏன் அசையவில்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. மூட்டையைப் பிரித்தால் அத்தை மாட்டிக்கொள்வாள். டீக்குக் கொடுத்த காசில் மிச்சம் பிடித்து, மேலே இருக்கும் காயை அவர் மாற்றிக்கொண்டே இருந்திருக்கிறார்.

அத்தைக்கு இப்போதும் மாதாமாதம் பணம் வருகிறது. அவள் யார் வாசலிலும் போய் நிற்கவில்லை. அந்தத் தொலி மூட்டையைத் தூக்கிப்போடவும் விடமாட்டேன் என்கிறாள். போன மாதம் பென்ஷன் வந்த அன்று என் கையில் கொஞ்சம் பணம் கொடுத்தாள்.

"ரெண்டு படி காயி கொண்டா அப்பு. நல்லாப் பச்சையாப் பாத்து வாங்கு. மேல இருக்குறது வெளுக்க ஆரம்பிச்சிருச்சு."